எல்லையில் தடைபடலாமா சிகிச்சை?

கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களுக்கும், வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோடு ஆலைகளில் பணிபுரிவோருக்கும் மாநில எல்லை ஒரு சோதனைச் சாவடி, அவ்வளவுதான். ஆனால் அன்றாடம் மாத்திரை சாப்பிட்டே தீரவேண்டிய நோயாளிக்கு அப்படியல்ல. அவருக்குச் சீட்டு ஒரு மாநிலத்தில், வேலை மறு மாநிலத்தில். எச்.ஐ.வி.யுடன் ஹெபடைடிஸ் சி என்னும் கல்லீரல் தொற்றும் சேர்ந்துகொண்டால் தொல்லை இரட்டிப்பாகிறது.

இரண்டும் இரத்தத்தின் வழியே பரவக் கூடியவை. இரண்டும் ஒருவரிடமே இருந்தால் கல்லீரல் வெகு விரைவில் கெடுகிறது. ஊசிவழிப் போதைப் பழக்கம் மிகுந்த மணிப்பூரைப் போல இந்த இரட்டைத் தொற்று தெற்கே அதிகமில்லை என்பது உண்மையே. அதற்காக எச்.ஐ.வி. உள்ளவர் ஹெபடைடிஸ் சி சோதனையைத் தள்ளிப்போடுவது தவறு. ஏனெனில் இவ்விரண்டில் ஒன்று அடியோடு குணமாகக் கூடியது. எச்.ஐ.வி.க்கு ஆயுள் முழுவதும் மாத்திரை. ஹெபடைடிஸ் சி-க்குப் பெரும்பாலோருக்கு 12 வாரம் போதும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமடைகிறார்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களும் அவ்வாறே. முன்னாளில் ஓராண்டு வரை இன்டர்பெரான் ஊசி போட்டு, காய்ச்சலும் சோர்வுமாய்க் கிடந்தும் பலர் தேறவில்லை. அந்தக் காலம் போய்விட்டது.

மருந்து விலையும் இன்று தடையல்ல. எச்.ஐ.வி. மாத்திரை அரசு மருத்துவமனைகளில் 2004 ஏப்ரல் முதல் இலவசமாகத் தரப்படுகிறது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி ஹெபடைடிஸ் சி-க்கும் சோதனை, மருந்து இரண்டும் இலவசம். தடையாக நிற்பது கூலி. முதல் சோதனை தொற்று எப்போதோ வந்ததை மட்டுமே காட்டும். கிருமி இப்போதும் இருக்கிறதா என்று அறிய இரண்டாவது சோதனை வேண்டும். பிறகு மாதந்தோறும் மாத்திரை வாங்க வேண்டும். முடிந்து 12 வாரம் கழித்து மீண்டும் சோதனை. மூணாற்றுத் தோட்டத் தொழிலாளி கோட்டயம் போனாலும் தேனி போனாலும் மலைப்பாதையில் ஒரு நாள் கூலி போயிற்று. ஐந்தாறு நாள் கூலியை இழக்க எத்தனை பேரால் முடியும்?

இடையில் விடுவதில்தான் ஆபத்து. கல்லீரல் மருந்து தொடங்கியதும் எச்.ஐ.வி. மாத்திரையைத் தாமாக நிறுத்துவோர் உண்டு. அது கூடவே கூடாது. காசநோய்க்கான ரிபாம்பிசின், வலிப்புக்கான பெனிடாயின் போன்றவை ஹெபடைடிஸ் சி மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். எனவே எந்த ஊரில் எந்த மாத்திரை வாங்கினாலும் அத்தனையையும் டாக்டரிடம் காட்டுவது அவசியம். காமாலை என்று கீழாநெல்லியை நம்பி மாதங்களைக் கடத்துவதும் வீண். இந்தக் கிருமி கண்ணில் மஞ்சள் காட்டாமலே பல ஆண்டுகள் கல்லீரலை அரிக்கும். குடி அதை இன்னும் விரைவுபடுத்தும்.

வேலை போய்விடும் என்ற அச்சத்தால் சீட்டை ஒளித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதை 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் தடுக்கிறது. நோயாளியின் சம்மதமின்றி அதை வெளியிடுவதும் சட்டத்துக்கு விரோதம். தோட்ட ஆபீஸில் விடுப்புச் சீட்டு எழுதும் குமாஸ்தாக்கள் இதை மனத்தில் வைப்பது நல்லது. டீக்கடையில் வாய் தவறி விழும் ஒரு சொல் ஒரு குடும்பத்தையே ஊரைவிட்டு ஓட்டிவிடும்.

இரண்டுமே தேசியத் திட்டங்கள். பாலக்காட்டில் எழுதிய சீட்டு பொள்ளாச்சியில் செல்லுபடியாவதற்கு இரு மாநிலச் சுகாதாரத் துறைகளும் கலந்து பேசினால் போதும். எச்.ஐ.வி. மாத்திரை வாங்க வரும் நாளிலேயே, அதே இடத்தில், கல்லீரல் சோதனைக்கும் இரத்தம் எடுத்து மருந்தையும் தரலாம். மலையாளம் படிக்கத் தெரியாத தமிழருக்குச் சீட்டில் மருந்தின் பெயரும் வேளையும் தமிழில் இருக்கட்டும். தோட்ட நிர்வாகங்கள் அந்த ஐந்தாறு நாட்களைச் சம்பளத்துடன் விட்டுக்கொடுக்கட்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த கூலிப் பேச்சில் போனஸோடு இதையும் கேட்கலாம்.