குதிக்கிறதுக்கு முன்னாடி கணக்கு கேளுங்க

வகுப்புல நாலு பேரு விமானத்துல இருந்து குதிக்கப் போறாங்களாம். வீடியோ எடுத்துத் தருவாங்களான்னு விசாரிச்சாச்சு. பாராசூட்டைப் பத்தி ஒருத்தனும் கேக்கல! 2014ல நம்ம சேலத்துலயே பாராசூட் விரியாம பெங்களூருப் பெண் ஒருத்தர் இறந்துபோனார். அதை 'விதி'ன்னு சொன்னா எனக்குக் கோவம்தான் வரும். முதல் பாராசூட் ஏமாத்தினா ரெண்டாவது இருக்கணும். குதிச்சவர் மயங்கிட்டாலும் அதைத் தானா திறக்குற சைப்ரஸ் கருவி 1991லயே வந்தாச்சு. அமெரிக்காவுல அந்த ரெண்டாவதை 180 நாளுக்குள்ள தகுதிச் சான்று வாங்கினவர் பிரிச்சுப் பாத்து மடிச்சு, சீட்டுல கையெழுத்துப் போடணும். வவுச்சர் இல்லாம பத்து ரூபாய் செலவையே ஒத்துக்காத காமர்ஸ் பசங்கய்யா நாம! அந்தச் சீட்டைக் காட்டச் சொல்லுங்க. 'அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி'ன்னு இழுத்தா, கட்டின அட்வான்ஸ் போனாலும் போகட்டும், புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிடுங்க.