மூட்டையில் ஒரு களைக்கொத்தி

யாத்திரை என்றால் நம் வீடுகளில் முதல் நாள் இரவே அமர்க்களம் தொடங்கிவிடுகிறது. ஒருபுறம் புளியோதரைக்குப் புளி காய்ச்சுவார்கள். ஒருபுறம் எலுமிச்சம்பழம் எண்ணி வைப்பார்கள். விபூதிப் பை, கற்பூரம், தலைவலித் தைலம், குழந்தைக்கு மாற்றுச் சட்டை, எதுவும் விடுபடாது. ஆனால், மலை ஏறினாலும் மனித உடம்பு மனித உடம்பாகவே இருக்கும் என்ற சிறு விஷயத்தை மட்டும் ஒருவரும் நினைப்பதில்லை. நினைத்தாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "இதைப் பற்றியெல்லாமா பத்திரிகையில் எழுதுவது?" என்று முகம் சுளிக்கும் நேயர்கள், தயவு செய்து இறுதி வரையில் படித்துவிட்டு, அதன் பிறகு சுளிக்கும்படி வேண்டுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், ஓர் அமாவாசையன்று குடும்பத்துடன் சதுரகிரிக்குச் சென்றிருந்தேன். விருதுநகர்ப் பக்கத்தில் உள்ளவர்களுக்கு அந்த மலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வத்திராயிருப்புக்கு அருகே தாணிப்பாறை அடிவாரத்தில் புறப்பட்டு, ஓடைகளையும் பாறைகளையும் கடந்து, பல மணி நேரம் ஏறினால் சுந்தர மகாலிங்க சுவாமியின் சந்நிதியை அடையலாம். வழி நெடுகக் காடு. 1988-ஆம் ஆண்டில் சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயமாக்கப்பட்ட அக்காட்டுப் பிரதேசம், 2021-ஆம் ஆண்டில் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று.

எங்களோடு என் தங்கை மகளும் வந்தாள். பதினைந்து வயதுப் பெண். முதலில் எல்லோருக்கும் முன்னால் துள்ளி ஓடியவள், வெயில் ஏற ஏறப் பின்தங்கினாள். கடைசியில் கண் இருண்டு ஒரு பாறையடியில் உட்கார்ந்துவிட்டாள். பித்தமாயிருக்கும் என்று நான் எலுமிச்சம்பழத்தைத் தேடினேன். என் மனைவி அவளைத் தனியே விசாரித்துவிட்டு வந்து, "என்னங்க, இந்தப் பிள்ளை நேற்று ராத்திரியிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "குடம் குடமாய்க் கொண்டு வந்திருக்கிறோமே, குடிப்பதற்கு என்ன அம்மா?" என்றேன்.

அவள் குனிந்த தலை நிமிராமல், "குடித்தால் ஒதுங்க வேண்டுமே, மாமா! இங்கே எங்கே போவது?" என்றாள்.

இருபது வருஷமாய்ப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பிழைப்பவன் நான். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் மனைவி மெல்லச் சொன்னாள்: "நானும் அப்படித்தான் வந்திருக்கிறேன். எப்போதும் அப்படித்தான் வருகிறேன்." பதினெட்டு வருஷ இல்வாழ்க்கையில் இதை அன்றுதான் அறிந்தேன்!

வெயிலில் ஏறுகிற உடம்பு வியர்வையாய் ஜலத்தை இழக்கிறது. அதை ஈடு செய்யாவிட்டால் தலை சுற்றும், மயக்கம் வரும், உஷ்ணம் தாக்கி உயிருக்கே அபாயம் நேரலாம். குடிக்காமலும் அடக்கிக்கொண்டும் இருந்தால் மூத்திரப் பாதையில் கிருமி பற்றுவது பெண்களுக்கு மிகவும் எளிது என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். நம்முடைய மௌனத்திற்கு நம் வீட்டுப் பெண்கள் தங்கள் உடம்பால் விலை கொடுத்து வருகிறார்கள்.

ஆண்கள் செய்வதோ இதற்கு நேர்மாறு. அன்று காலை ஓர் ஓடையில் இரு கையாலும் ஜலத்தை அள்ளிப் பருகி, "அமிர்தம்!" என்று புகழ்ந்துவிட்டு நடந்தேன். இரண்டு வளைவு மேலே போனதும், அதே ஓடையின் கரையில் நாலைந்து பேர் வரிசையாய்க் குந்தியிருக்கக் கண்டேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வாலிபத்தில் நானும் அப்படிச் செய்தவனே. கால் கழுவ ஜலம் அருகில் வேண்டும் என்று ஓடையைத் தேடிப் போவது நம் வழக்கம். இந்த மலைத்தொடரிலிருந்து இறங்கும் ஜலந்தான் அர்ச்சுனா நதியாய் ஓடி, சமவெளியில் வைப்பாற்றோடு கலக்கிறது. மேலே செய்யும் அசுத்தத்தைக் கீழே குடிக்கிறவர்களும் நம்மவர்களே.

வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் ஜலத்தின் வழியாய்ப் பரவுகின்றன. கொக்கிப்புழு மண்ணின் வழியாய் வருகிறது. மலத்தோடு விழும் அதன் முட்டை, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் இரண்டொரு நாளில் பொரிக்கிறது. பத்து நாளைக்குள் அந்தப் புழு மனிதனின் பாதத்தைத் துளைத்து உள்ளே புகும் வல்லமை பெறுகிறது. பிறகு குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குகிறது. பக்தியினால் செருப்பின்றி மலை ஏறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதற்குப் பரிகாரம் பெரிய வித்தையல்ல. தோட்டத்தில் புல் செதுக்கும் களைக்கொத்தி ஒன்று மூட்டையில் இருந்தால் போதும். ஓடை, ஊற்று, சுனை எதுவாயினும் அதிலிருந்து எழுபது எண்பது அடி வைத்து விலக வேண்டும். செம்பிலோ குப்பியிலோ ஜலத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டுமே தவிர, ஜலத்தண்டை நாம் போகலாகாது. 6 முதல் 8 அங்குலம், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைய, குழி தோண்ட வேண்டும். மேல்மண்ணில்தான் மலத்தை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மிகுதி. ஆகையால் அதிக ஆழமும் உதவாது. கழுவுவதும் அந்தக் குழியிலேயே. பிறகு தோண்டிய மண்ணைத் தள்ளி மூடி, மேலே சருகைப் பரப்பிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். துணி, காகிதம், காலிக் குப்பி, பெண்கள் மாதவிலக்கில் உபயோகிக்கும் பஞ்சு முதலியவற்றை ஒரு பையில் கட்டித் திரும்பக் கொண்டு வந்துவிட வேண்டும்.

காகிதத்தைக் கொளுத்திவிடலாமே என்று சிவகாசி நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். தீப்பெட்டியோடு பிறந்த ஊர்க்காரர் வேறென்ன சொல்வார்! 2018-ஆம் ஆண்டு தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீ எத்தனை மலையேறிகளை மாய்த்தது என்பதை நினைவூட்டினேன். அவர் வாய் திறக்கவில்லை.

காப்பகக் காட்டில் தனியே விலகிப் போவது கூடாது. துணைக்கு ஒருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு காவல் நிற்கட்டும். எங்கே விலகலாம், எங்கே தோண்டலாம் என்பதை வனத்துறையாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் அவசியம். தோண்ட முடியாத பாறையிலும், தோண்டக் கூடாத இடத்திலும் மலத்தையும் பையில் கட்டி இறக்க வேண்டியதுதான். இது நடக்கிற காரியமா என்று கேட்கலாம். எவரெஸ்ட் சிகரம் ஏறுகிறவர்களுக்கே 2024-ஆம் ஆண்டில் நேபாளத்து உள்ளூர் ஆட்சியார் இந்த விதியை ஏற்படுத்தினார்கள்.

ஆயினும், நாலு பேர் போகும் இடத்திற்குக் களைக்கொத்தி போதும். ஆடி அமாவாசைக்கு ஆயிரக்கணக்கானோர் ஏறும் மலைக்குப் போதாது. அங்கே இடையிடையே மறைப்புக் கட்டிய பொதுக் குழிகளும், அவற்றைக் கவனிக்க ஆட்களும் வேண்டும். 1915-ஆம் ஆண்டு ஹரித்துவாரக் கும்பமேளாவில் டாக்டர் தேவ் என்பவர் அப்படித்தான் குழிகள் வெட்டச் செய்தார். கூலிக்குத் தோட்டிகளை எதிர்பார்த்திருந்த அவரிடம், அந்தக் குழிகளை மண்ணிட்டு மூடும் வேலையைத் தம் போனிக்ஸ் ஆசிரமத்தார் ஏற்பதாகக் காந்தியடிகள் முன்வந்தார். தாம் கூடாரத்தில் அமர்ந்து தரிசனம் கொடுத்துக்கொண்டிருக்க, அந்த வேலையை நடத்தியவர் மகன்லால் காந்தியே என்பதையும் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதினார்.

அக்காலத்தில் அந்த வேலை ஒரு சாதியார் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. மனித மலத்தைக் கையால் அள்ள ஆள் வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் நாம் மூடாமல் விட்டு வருவதைத் திருவிழா முடிந்ததும் யாரோ ஒருவர் பெருக்கியாக வேண்டும். சந்நிதியில் விழுந்து கும்பிட்டுவிட்டு, அவருக்கு இந்த வேலையை வைத்துவிட்டு இறங்குவது என்ன பக்தி?

மறு வருஷம் புறப்பட்டபோது மூட்டையில் களைக்கொத்தி இருந்தது. மறைப்புக்கு ஒரு பழைய சேலையும், சோப்பும் இருந்தன. அடிவாரத்திலேயே எல்லோரையும் நிறுத்தி வைத்துக்கொண்டு, வகுப்பில் சொல்வதுபோல் விவரம் சொன்னேன். சொல்லும்போது எனக்குத்தான் நாக்குக் குழறியது; கேட்டவர்கள் யாரும் நகைக்கவில்லை. என் தங்கை மகள் வழியெல்லாம் தண்ணீர் குடித்தாள். எல்லோருக்கும் முன்னால் ஏறினாள்.

இப்போதெல்லாம் யாத்திரை என்று பேச்செடுத்தால் முதல் கேள்வி அவளிடமிருந்துதான் வருகிறது: "கொத்தியை எடுத்து வைத்தாயிற்றா, மாமா?" புளியோதரை அதற்கு அப்புறந்தான்.