குண்டர்களும் படைப்பாளிகளும்

தமிழ்நாட்டில் ஒருவனை விசாரணை இல்லாமல் ஒரு வருஷம் சிறையில் வைக்க ஒரு சட்டம் இருக்கிறது. 1982ல், எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது வந்தது. அதன் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. ஜனங்கள் சுருக்கமாகக் குண்டர் சட்டம் என்கிறார்கள். கள்ளச்சாராயக்காரன், போதை மருந்து விற்கிறவன், அடிதடிக்காரன், பெண்களை வைத்து வியாபாரம் செய்கிறவன், குடிசை நிலத்தை அபகரிக்கிறவன் என்று ஐந்து வகை மனிதர்களை முதலில் அது கணக்கில் எடுத்துக்கொண்டது. 2004ல், ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது, சினிமாவைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுக்கிறவனும் இந்த வரிசையில் சேர்க்கப்பட்டான். சட்டம் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் வீடியோ பைரேட்.

இது நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இலக்கிய நண்பர்களிடம் பேச்செடுத்தால் இரண்டு பதில்கள் தவறாமல் வருகின்றன. ஒன்று: திருடனுக்கு வக்காலத்து வாங்கலாமா? மற்றது: காப்புரிமை நமக்கும் வேண்டியதுதானே, படைப்பாளியின் உழைப்பைக் காப்பாற்ற வந்த சட்டத்தை எழுதுகிறவனே எதிர்க்கலாமா? இரண்டும் யோசிக்காமல் சொல்லப்படுகிற பதில்கள். இரண்டாவது கூடுதலாக மோசமானது. அதில் நம் பெயர் நம்மைக் கேட்காமல் இரவல் வாங்கப்பட்டிருக்கிறது.

முதல் பதிலை எடுத்துக்கொள்வோம். திருட்டுப் பிரதி எடுப்பது சரி என்று நான் சொல்லவில்லை. அதைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருக்கிறது. 1957ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம். வீடியோ காஸெட் வந்து கொட்டகைக்காரர்கள் கலங்கிப்போனபோது, 1984ல் அதைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை. ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். அதற்கு முன்னால் மாஜிஸ்ட்ரேட் வழக்கை ஏற்றுக்கொண்ட பிறகுதான் போலீஸ் பிரதிகளைக் கைப்பற்ற முடியும். திருத்தத்துக்குப் பிறகு, தனக்குத் திருப்தி ஏற்பட்டால் போதும், ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வாரண்ட் இல்லாமலே கைப்பற்றலாம். குற்றம் நடக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றினால்கூடப் போதும். இந்தக் குற்றத்துக்கு வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று 2022ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியாயிற்று. சாதாரணச் சட்டம் சாது என்று யாரும் குறைப்பட்டுக்கொள்ள முடியாது.

அப்படியிருக்கக் குண்டர் சட்டம் எதற்கு? சாதாரணச் சட்டத்தில் ஒரு அசௌகரியம் இருக்கிறது. குற்றத்தை நிரூபிக்க வேண்டும். சாட்சி வேண்டும், குறுக்கு விசாரணை வேண்டும், எதிரிக்கு ஒரு வக்கீல் இருப்பார். குண்டர் சட்டம் இந்த அசௌகரியத்தை நீக்குகிறது. கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் ஆள் உள்ளே போகிறான். பன்னிரண்டு நாளுக்குள் சர்க்கார் ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள் விஷயம் ஆலோசனைக் குழுவுக்குப் போக வேண்டும். அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள அவனுக்கு உரிமையில்லை. இருபத்திநாலு மணி நேரத்தில் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற பாதுகாப்பு, தடுப்புக் காவலுக்குப் பொருந்தாது என்று அரசியல் சாசனத்தின் 22ம் ஷரத்தே விலக்குக் கொடுத்துவிடுகிறது. இனிமேல் செய்வான் என்று ஒரு அதிகாரிக்குத் தோன்றுவதுதான் காவலுக்கு அடிப்படை. பன்னிரண்டு மாதம் வரை வைக்கலாம்.

நான் வங்கியில் குமாஸ்தா. போலி நகையை அடகு வைத்துப் பணம் வாங்குவது எங்கள் தொழிலில் புதுசல்ல. போலீசில் புகார் கொடுப்போம், வழக்கு நடக்கும், வருஷக்கணக்கில் இழுக்கும். பணமும் பொதுஜனத்தின் டெபாசிட் பணம். ஆனாலும் போலி நகைக்காரர் என்று ஒரு புது வகையைக் குண்டர் சட்டத்தில் சேர்க்கச் சொல்லி எந்த வங்கியும் கோட்டைக்குப் போய் நின்றதில்லை, நின்றிருந்தால் சிரித்திருப்பார்கள். நஷ்டப்படுகிற எல்லாத் தொழிலும் கோர்ட்டுக்குப் போகிறது. சினிமாத் தொழிலுக்கு மட்டும் கோர்ட்டுக்குப் போகாத வழி ஒன்றைச் சர்க்கார் திறந்துவிட்டிருக்கிறது. 1967க்குப் பிறகு நாம் தேர்ந்தெடுத்த முதல்வர்களில் எத்தனை பேர் வசனமும் வேஷமுமாக அந்தத் தொழிலிலிருந்து வந்தவர்கள் என்பதை வாசகருக்கு நான் எண்ணிக் காட்ட வேண்டியதில்லை. லஞ்சம், சதி என்றெல்லாம் நான் சொல்லவில்லை. அதற்கு அவசியமே இருந்திருக்காது. ஒரு தொழிலின் துக்கத்தை நாட்டின் துக்கமாகப் பார்க்கிற பழக்கம் இங்கே எப்போதோ ஊறிவிட்டது.

தடுப்புக் காவலுக்கு நியாயமாகச் சொல்லப்படுவது பொது ஒழுங்கு. 1966ல் ராம் மனோகர் லோகியா வழக்கில் ஹிதாயதுல்லா இதை விளக்கினார். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்கள்: பெரியது சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே தேசத்தின் பாதுகாப்பு. வெளி வட்டத்தில் நடக்கிற எல்லாமே உள் வட்டத்தைத் தொட்டுவிடாது. பர்மா பஜார் பிளாட்பாரத்தில் முப்பது ரூபாய்க்கு விற்ற டிஸ்க் இதில் எந்த வட்டத்தைத் தொட்டது? ஊரில் பீதி கிளம்பியதா, கடைகள் அடைத்தனவா? ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். தயாரிப்பாளருக்கு நஷ்டம் என்பது உண்மையாக இருக்கலாம். அது ஒரு தனிப்பட்டவரின் நஷ்டம். இதே குண்டர் சட்டத்தின் கீழ் வந்த ரேகா வழக்கில், சாதாரணச் சட்டம் போதுமான இடத்தில் தடுப்புக் காவல் செல்லாது என்று 2011ல் உச்ச நீதிமன்றம் தீர்மானமாகச் சொன்னது. அதனால் என்ன? ஆட்கொணர்வு மனுப் போட்டு உத்தரவை ரத்து செய்வதற்குள் மாதங்கள் போய்விடும். படம் ஓடுவதோ சில வாரங்கள். வியாபாரத்துக்குத் தேவைப்பட்ட காலம் வரை ஆள் உள்ளே இருந்துவிடுகிறான். பிறகு அவன் விடுதலையாவதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது.

நஷ்டக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் புலம்பல் தமிழ் சினிமா கண்டுபிடித்ததல்ல. வீட்டில் டெலிவிஷன் நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொள்ளும் யந்திரத்தை ஸோனி கம்பெனி அமெரிக்காவில் விற்றபோது, ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் அதன் மேல் வழக்குப் போட்டன. யந்திரம் இருந்தால் சினிமா செத்தது என்றார்கள். 1984ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் யந்திரத்தைப் பிழைக்க விட்டது. அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும்: ஹாலிவுட்டின் பெரிய வருமானங்களில் ஒன்றாக வீட்டு வீடியோதான் ஆயிற்று. ஒரே ஒரு நீதிபதி மாற்றி எழுதியிருந்தால், தங்கள் நன்மை எதுவென்றே தெரியாதவர்களின் பயம் சட்டமாகியிருக்கும். பயப்படுகிறவன் கொண்டுவருகிற கணக்கை ஆதாரமாக எடுத்துக்கொண்டு மனிதர்களை அடைக்கக் கூடாது.

இரண்டாவது பதிலுக்கு வருகிறேன். படைப்பாளியைக் காப்பாற்றுகிற சட்டமாம். 2004ன் வரையறையை எடுத்துப் பாருங்கள். சினிமாப் படம், சினிமாவின் ஒலித்தடத்தைக் கொண்ட பதிவு: இவ்வளவுதான் அதில் இருக்கிறது. உங்கள் நாவலை ஒருவன் அப்படியே அச்சடித்து விற்றால் அவன் வீடியோ பைரேட் இல்லை. உங்கள் கவிதையைத் திருடியவன் இல்லை, உங்கள் கதையை எடுத்துப் பெயர் போடாமல் படமாக்கியவன் நிச்சயமாக இல்லை. நாவல் திருடனையும் குண்டராக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது மேஜையைச் சுற்றி யார் நினைக்கப்பட்டார்கள், யார் நினைக்கப்படவில்லை என்பது அதன் வாசகத்திலேயே இருக்கிறது என்கிறேன்.

சினிமாத் தொழில் தன் சொந்தக் கலைஞர்களை எப்படி நடத்தியது என்பதும் சட்டப் புத்தகங்களில் பதிவாகியிருக்கிறது. படத்துக்குக் கூலி வாங்கிக்கொண்டு பாட்டெழுதியவனுக்கும் மெட்டமைத்தவனுக்கும், ஒப்பந்தத்தில் தனியாகச் சொல்லியிருந்தாலொழிய, படத்தில் வரும் அந்தப் பாட்டில் உரிமை கிடையாது, உரிமை தயாரிப்பாளருடையது என்று 1977ல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடி ஜெயித்தவர்கள் படத் தயாரிப்பாளர்கள். பாடுகிறவனுக்கு இந்தச் சட்டத்தில் ஒன்றுமே இல்லையே என்று கிருஷ்ணய்யர் தனிக் குறிப்பு எழுதி வருந்த வேண்டியிருந்தது. கவிஞனுக்கும் இசையமைப்பாளனுக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டிப் பங்கு உண்டு என்று சட்டம் திருத்தப்பட 2012 வரை, முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று. அதற்காக நாடாளுமன்றத்தில் வாதாடிய ஜாவேத் அக்தர் ஒரு பாடலாசிரியர். எதிர்த்தது தயாரிப்பாளர் தரப்பு. கோர்ட்டில் கலைஞனின் கையை முறுக்குவது, கோட்டையில் கலைஞனின் பெயரைச் சொல்லி அழுவது: இரண்டையும் செய்தது ஒரே தொழில்.

இன்னும் பின்னால் போனால் பாரதி நிற்கிறான். அவன் பாட்டுகளை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை ஏவி. மெய்யப்பனிடம் விலைக்குப் போயிருந்தது. 1948ல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு வந்ததைப் பற்றித் தகராறு கிளம்பியது. எழுதியவன் போய் இருபத்தேழு வருஷம் ஆகியும், அவன் பாட்டை யார் பாடலாம் என்று ஒரு ஸ்டூடியோவைக் கேட்க வேண்டியிருந்தது. எழுத்தாளர்கள் கூட்டம் போட்டார்கள், கிளர்ச்சி செய்தார்கள். 1949ல் சென்னை சர்க்கார் உரிமையை எடுத்துக்கொண்டது, மெய்யப்பனும் விட்டுக்கொடுத்தார், பிறகு பாரதி பொதுச் சொத்தானான். அன்றைய தமிழ் எழுத்தாளர்களுக்குத் தங்கள் பக்கம் எது, ஸ்டூடியோவின் பக்கம் எது என்று தெரிந்திருந்தது. எழுபத்தைந்து வருஷத்தில் நாம் இழந்திருப்பது இந்தத் தெளிவைத்தான்.

பிளாட்பாரக் கடைக்காரனோடு இது நிற்கவில்லை. இப்போது படம் கம்பியில்லாமல் வீட்டுக்குள் வருகிறது. தொழிலின் கையும் பின்னாலேயே வருகிறது. முகம் தெரியாத எதிரியின் மேல் தடை வாங்குவதற்கு நம் கோர்ட்டுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த எதிரிக்கு அசோக் குமார் என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். 2012ல் '3' என்ற தமிழ்ப் படத்துக்காகவும் 'தம்மு' என்ற தெலுங்குப் படத்துக்காகவும் சென்னை உயர் நீதிமன்றத்தில் இப்படி வாங்கிய உத்தரவைக் காட்டி, இணைப்புத் தரும் கம்பெனிகள் முழு முழுத் தளங்களையே மூடின. தாங்களே எடுத்த குறும்படங்களை ஊர் பேர் தெரியாத இளைஞர்கள் போட்டு வைத்திருந்த விமியோவும் அதில் அடைபட்டது. குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று ஜூன் மாதம் நீதிமன்றம் தெளிவுபடுத்திய பிறகுதான் கதவு திறந்தது. 2018ல் '2.0' படத்துக்காகப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களை முன்கூட்டியே தடுக்க உத்தரவு வாங்கினார்கள். படம் வெளியாகும் முன்பே பட்டியல் தயார். பன்னிரண்டாயிரம் பெயரில் தவறாகச் சேர்ந்தவன் ஒருவன் இருந்தால் அவன் எங்கே போய்ச் சொல்வான்? அவன் அசோக் குமார். அவனுக்கு நோட்டீஸ் போகாது.

2023ல் சினிமாட்டோகிராஃப் சட்டம் திருத்தப்பட்டது. கொட்டகையில் படத்தைப் பதிவு செய்தால் மூன்று மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை. அபராதம் குறைந்தது மூன்று லட்சம், அதிகபட்சம் தணிக்கை செய்த தயாரிப்புச் செலவில் 5 சதவீதம். குற்றத்தின் அளவைப் பொறுத்துத் தண்டனை என்பது பழைய நீதி. இங்கே கதாநாயகனின் சம்பளம் ஏற ஏற, போன் வைத்திருந்தவனின் அபராதமும் ஏற இடமிருக்கிறது. நூறு கோடிப் படமென்றால் ஐந்து கோடி வரை போகலாம். இதைக் கேட்டு வாங்கியவர்களின் தைரியத்தை நான் பாராட்டுகிறேன். வாயைத் திறக்காமல் கொடுத்தவர்களைப் பற்றி என்ன சொல்வது?

நம்மவர்களில் சிலர் சினிமாவுக்குக் கதை எழுதுகிறார்கள், வசனம் எழுதுகிறார்கள். எழுதட்டும், வயிறு எல்லோருக்கும் உண்டு, நான் லெட்ஜர் எழுதுவதும் அதற்காகத்தான். ஆனால் சம்பளம் வாங்குகிற இடத்தின் கோபத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இல்லை. மிசாவில் எழுத்தாளனும் அரசியல்வாதியும் உள்ளே போனபோது, விசாரணையில்லாத சிறை நாகரிகத்துக்கு இழுக்கு என்று பேசினோம். பேசியது சரி. உள்ளே போகிறவன் டிஸ்க் விற்கிறவனாக இருந்தால் அதே சிறை நாகரிகமாகிவிடுமா? நம் வாதம் சிறையைப் பற்றியதாக இருந்ததா, சிறைக்குள் போனவர்களின் அந்தஸ்தைப் பற்றியதாக இருந்ததா?

இங்கிருந்து மகாராஷ்டிரம் 2009ல் கற்றுக்கொண்டது. கர்நாடகம் 2014ல், டிஜிட்டல் குற்றவாளி என்று பெயர் வைத்து, அந்த வலையைப் புத்தகம் வரை விரித்தது. நாவலைக் குறிப்பிடாத சட்டம் என்று நாம் அசட்டையாக இருந்த இடத்துக்கும் அது வந்துவிட்டது. ஜெராக்ஸ் எடுத்துப் படித்து வளர்ந்தவர்கள் நாம். நூறு பேர் படிக்கிற பத்திரிகையில், கிடைக்காத புத்தகத்திலிருந்து முழு அத்தியாயத்தை எடுத்துப் போட்டு அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தவர்கள் நாம். இதையெல்லாம் காப்புரிமை மீறல் என்று ஒரு கம்பெனி ஒருநாள் கருதினால், நமக்கு ஒரு கோர்ட்டு வேண்டும், வக்கீல் வேண்டும், பேச ஒரு வாய்ப்பு வேண்டும். பர்மா பஜார் கடைக்காரனுக்கு மறுக்கப்பட்டதும் இவ்வளவுதான்.

கோரிக்கை சிறியது. சினிமாவைத் திருடியவன் மேல் வழக்குப் போடுங்கள், நிரூபியுங்கள், தண்டியுங்கள். குண்டர் சட்டத்திலிருந்து அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள். அதை அங்கே வைத்திருப்பது படைப்பாளிக்காக என்று மட்டும் இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்.