ஏட்டில் நீக்கலாம்; நாட்டில் நீக்க முடியுமா?

தில்லியில் நடைபெறும் பேரணிகளுக்கும் மாநாடுகளுக்கும் தென்கோடியிலிருந்து செல்லும் நம் தோழர்கள், திரும்பும் ரயிலுக்கு ஒருநாள் இடைவெளி கிடைத்தால் செங்கோட்டையையோ ஆக்ராவின் தாஜ்மகாலையோ கண்டு வருவது வழக்கம். குன்னத்துகால், பாறசாலை வட்டாரத் தோழர்களும் இதற்கு விலக்கல்லர். புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு அந்த ஒருநாள் கழிந்துவிடலாகாது. இன்றைய சூழலில் அது நமக்குக் கிடைக்கும் அரசியல் வகுப்பு.

சூழல் என்னவென்று நாம் அறிவோம். 2017இல் உத்தரப்பிரதேச அரசு வெளியிட்ட சுற்றுலாக் கையேட்டில் தாஜ்மகால் இடம்பெறவில்லை. 2018இல் முகல்சராய் ரயில் நிலையத்தின் பெயர் மாற்றப்பட்டது. 2020இல் ஆக்ராவில் கட்டப்பட்டு வந்த முகலாய அருங்காட்சியகத்திற்கு சத்ரபதி சிவாஜியின் பெயர் சூட்டப்பட்டது. 2023இல் குடியரசுத் தலைவர் மாளிகையின் முகல் தோட்டம் ‘அம்ரித் உத்யான்’ ஆயிற்று. அதே ஆண்டில் 12ஆம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய அத்தியாயத்தை என்சிஇஆர்டி நீக்கியது. நீக்கப்பட்ட பகுதிகளைத் துணைப்பாட நூல்களாக அச்சிட்டு 2023 ஆகஸ்டில் மாணவர் கையில் கொடுத்தது கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு.

வகுப்புவாதிகளின் இந்த அழித்தெழுதும் வேலைக்கு, பேரரசர்களின் புகழ்பாடுவது பதிலாகாது. மும்தாஜ் மகல் 1631இல் புர்ஹான்பூரில் மறைந்தார். அந்நாளில், 1630 முதல் 1632 வரை, குஜராத்தையும் தக்காணத்தையும் கொடும் பஞ்சம் வாட்டியது. எண்ணற்ற மக்கள் மாண்டனர். அந்தப் பஞ்சம் ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த வேளையில்தான் யமுனைக் கரையில் அடித்தளம் எழுந்தது. அந்தப் பளிங்கின் விலையை உழவர்களின் நிலவரியே செலுத்தியது. இதைச் சொல்லத் தயங்கினால் நமது பார்வை வர்க்கப் பார்வை ஆகாது. இதைச் சொல்வதால் அந்தக் கட்டடம் நமக்கு அன்னியமாகிவிடுவதும் இல்லை. உழைத்தவர்களின் வாரிசுகள் என்ற முறையில் அது நமக்கே உரியது.

தாஜ்மகாலைக் கட்டிய கொத்தர்களின் கைகளை ஷாஜகான் வெட்டிவிட்டார் என்னும் கதையை அங்கே செல்வோர் கேட்காமல் திரும்புவதில்லை. இதற்கு வரலாற்றுச் சான்று எதுவுமில்லை. தாஜ்மகாலில் பணி நடந்துகொண்டிருந்தபோதே, 1639இல், தில்லியில் செங்கோட்டையையும் புதிய நகரையும் எழுப்பும் பணி தொடங்கிவிட்டது. இரண்டு பணிகளிலும் தலைமைக் கட்டடக் கலைஞராகக் குறிப்பிடப்படுபவர் ஒருவரே: உஸ்தாத் அகமது லாகோரி. அடுத்த கோட்டைக்குக் கைகள் தேவைப்படும்போது கைகளை வெட்டுபவர் உண்டோ? ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து கல் வெட்டியவர்களும், வண்டி ஓட்டியவர்களும், பூவேலை பதித்தவர்களும் எம்மதத்தவராயினும் தம் தொழிலால் ஒன்றுபட்டவர்கள். கல்லில் வண்ணக்கல் பதிக்கும் அத்தொழில் ஆக்ராவில் இன்றும் உயிரோடு இருக்கிறது. கை வெட்டிய கதை, அந்தக் கலைஞர்களின் உண்மையான வாழ்வை மறைத்து, வெறுப்புக்குத் தீனி போடுகிறது.

செங்கோட்டையோ இன்னும் நெருக்கமானது. 1857 மே மாதம் மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள், இந்துக்களும் முஸ்லிம்களுமாக, பகதூர் ஷா சஃபரைத் தம் தலைவராக அறிவித்தது இங்கேதான். கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயர் அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துப் படைமுகாம் அமைத்தனர். 1945இல் இந்திய தேசிய ராணுவத்தின் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவரையும் விசாரணைக் கூண்டில் நிறுத்தியதும் இங்கேதான். அந்தக் கோட்டையின் பராமரிப்பை 2018இல் ஐந்தாண்டுகளுக்கு 25 கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் டால்மியா பாரத் நிறுவனத்திடம் ஒன்றிய அரசு ஒப்படைத்தது. பெயரை மாற்றுவதும் பொதுச்சொத்தைப் பெருமுதலாளியிடம் கொடுப்பதும் ஒரே ஆட்சியின் இரு செயல்கள்.

முகலாயர் நமக்கென்ன உறவு என்று எல்லையோரத் தமிழர் கேட்கலாம். நெய்யாற்றின்கரை தாலுகா, தாசில்தார், வக்கீல், வசூல், ஜமாபந்தி என்று நாம் அன்றாடம் புழங்கும் சொற்கள் அரபியிலும் பாரசீகத்திலும் வேர்கொண்டு, நிர்வாக மொழியின் வழியே நம்மை வந்தடைந்தவை. மொழிபெயர்ப்பு மேசையில் இச்சொற்களைச் சந்திக்காத நாளே எனக்கில்லை. பாடநூலிலிருந்து ஓர் அத்தியாயத்தை நீக்குவோர் மக்கள் நாவிலிருந்து இவற்றை எவ்வாறு நீக்குவர்?

பொதுமரபைப் பேணும் பாடம் நம் வாசலிலேயே இருக்கிறது. 1956 மாநிலச் சீரமைப்பில் கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அங்குள்ள பத்மநாபபுரம் அரண்மனையை இன்றும் கேரள அரசே பராமரிக்கிறது. இரு மாநில மக்களும் அதைத் தமதென்றே காண்கின்றனர். மண் ஒருவருடையது, பொறுப்பு மற்றவருடையது. பெருமை இருவருக்கும் உரியது. நாட்டின் மரபு முழுவதையும் இவ்வாறே கருத வேண்டும்.

எனவே தில்லி செல்லும் தோழர்கள் புறப்படுமுன் அந்தத் துணைப்பாட நூலைப் படிக்கட்டும். திரும்பியபின் கிளைக் கூட்டத்திலும் ஊர் வாசகசாலையிலும், குறிப்பாகப் பிள்ளைகள் முன்னிலையில், கண்டதைப் பேசட்டும். யார் ஆண்டார் என்பதோடு யார் கட்டினார், யார் வரி கொடுத்தார், யார் அங்கே போராடினார் என்பதையும் சொல்லட்டும். அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிள்ளையை எந்தக் கட்டுக்கதையும் எளிதில் ஏமாற்றிவிடாது.