அடிபடாமலே ரத்தக்கட்டு: எந்த டாக்டரைப் பார்ப்பது?

கேள்வி: என் மனைவிக்கு 38 வயது. ஒரு மாதமாகத் தொடையிலும் கையிலும் அடிபடாமலே கருநீலத் திட்டுகள் வருகின்றன. ரத்தக்கட்டு என்று மஞ்சள் பற்றுப் போடச் சொல்கிறார்கள். தோல் டாக்டரா, எலும்பு டாக்டரா, யாரிடம் காட்டுவது?
- சின்னசேலம் வாசகர்

பதில்: இருவரிடமும் வேண்டாம். முதலில் பொது மருத்துவரிடம் காட்டுங்கள்.

வரப்பில் விழுந்து கன்றிப்போன இடம் முதலில் சிவந்து, பிறகு கறுத்து, பச்சையாகி, மஞ்சளாகி இரண்டு வாரத்தில் மறைந்துவிடும். தோலுக்கடியில் கசிந்த ரத்தத்தை உடம்பே கரைத்து அப்புறப்படுத்துவதால்தான் இந்த நிறமாற்றம். வயதானவர்களுக்கு வெயில்பட்டு மெலிந்த முன்கைத் தோலில் லேசாக இடித்தாலே கறுக்கும். அதற்கும் பெரும்பாலும் பயப்படத் தேவையில்லை. உங்கள் மனைவியுடையது அப்படியல்ல. அடி இல்லாமல் புதிது புதிதாக வருகிறது. ரத்தம் உறைவதில் குறை இருக்கலாம். பற்றுப் போட்டு நாள் கடத்த வேண்டாம்.

அவரிடம் இவற்றைக் கேளுங்கள்: மாதவிலக்கில் வழக்கத்தைவிட அதிகம் போகிறதா? பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதா? காலில் கடுகளவு சிவப்புப் புள்ளிகள் உண்டா? அந்தப் புள்ளிகள் விரலால் அழுத்தியும் மறையாவிட்டால், ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். அவை ஒரு மைக்ரோ லிட்டருக்கு 1.5 லட்சத்திலிருந்து 4 லட்சம் வரை இருப்பது வழக்கம். டெங்குவில் இறங்குவதும் இதுதான். காய்ச்சலே இல்லாமலும் இறங்கும்.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவுக்குச் சீட்டுப் போடுங்கள். முழு ரத்தப் பரிசோதனையும், ரத்தம் உறையும் நேரம் பார்க்கும் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். அதில் கோளாறு தெரிந்தால் அடுத்து ரத்தவியல் நிபுணர். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் அதற்குத் தனித்துறை உண்டு. நேரே அங்கே ஓடி அலைவதைவிட, இங்கே பார்த்த முடிவோடும் கடிதத்தோடும் போனால் நேரமும் செலவும் மிச்சம்.

மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரை, ஆஸ்பிரின், பெயர் தெரியாத லேகியம் எதுவானாலும் அட்டையோடு, டப்பாவோடு டாக்டரிடம் காட்டுங்கள். சில வலி மாத்திரைகளே ரத்தக்கசிவைக் கூட்டும். எலிக்கு வைக்கும் புரோமோடயலோன் வில்லை வீட்டில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அது வயிற்றுக்குள் போனால் ரத்தக்கசிவு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும்; வைட்டமின் கே கொடுத்துச் சரிசெய்யலாம்.

மூக்கில் ரத்தம் நிற்காவிட்டாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ, கடுமையான தலைவலியோடு வாந்தி வந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.