வறண்ட நிலத்தில் ஒரு பாய்க்கப்பல்



நம் சபையைச் சேர்ந்த ஒரு பெரியவர் தம் வீட்டு முன்னறையில் மரக்கப்பல் ஒன்றைக் கட்டிவருவதை உங்களில் பலர் அறிவீர்கள். சரக்குக் கப்பலில் வேலைபார்க்கும் அவருடைய மகன் பெட்டியில் அனுப்பிய மாதிரிக் கப்பல் அது. அது வீண்வேலை என்றும், அந்த நேரத்தில் ஜெபக்கூட்டத்துக்கு வரலாமே என்றும் சிலர் பேசிக்கொள்வது என் செவிக்கு எட்டியது. அந்தப் பேச்சு நியாயமற்றது என்பது என் கருத்து. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். நமக்குள் பெயர் எதற்கு?

முதலில் அந்த வேலை இன்னதென்று அறிந்துகொள்ளுங்கள். பெட்டியில் கப்பல் இல்லை; மரம்தான் இருக்கிறது. அடியில் நெடுக ஓடும் ஏரா, அதில் குறுக்காகச் செருகவேண்டிய வங்குகள், தீக்குச்சியைவிடச் சற்று அகலமான நூற்றுக்கணக்கான மரப்பட்டைகள், பாய்மரத்துக்கான உருளைக் குச்சிகள், மிளகளவு கப்பிகள், பல பருமன்களில் பருத்தி நூல், பிரிக்கப் பிரிக்க நீளும் வரைபடம். ஒவ்வொரு பட்டையையும் வெந்நீரில் ஊறவைத்து, முன்னணியத்தின் வளைவுக்கு மெல்ல வளைத்து, நுனியைச் சீவிக் குறுக்கி ஒட்டவேண்டும். சீவாமல் ஒட்டினால் நாலாவது வரிசையிலேயே பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இரண்டு அடுக்குப் பலகை உண்டு. முதல் அடுக்கு முழுவதும் இரண்டாம் அடுக்கின் கீழ் மறைந்துவிடும். மறையப்போகிற அந்த அடுக்கை அவர் பதினைந்து நாள் உப்புத்தாளால் தேய்த்தார். அடியில் மேடுபள்ளம் இருந்தால் மேற்பலகை காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம்.

இப்போது கயிறு கட்டும் வேலை நடக்கிறது. நூற்பாலையில் முப்பது ஆண்டு அறுந்த இழையை ஒட்டிப் பழகிய விரல்கள் அவை. நூலின் பிசிறு நிற்காதிருக்கத் தேன்மெழுகில் இழுத்துக்கொள்கிறார். பாவுக்குக் கஞ்சி போடுவதைக் கண்டு வளர்ந்த இந்த ஊர்க்காரருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கப்பல் என்றதும் போதகர் நோவாவிடம் போய்விடுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பேழைக்குப் பாயும் சுக்கானும் இருந்ததாக வேதம் சொல்லவில்லை. அது மிதக்கும் பெட்டி. ஆனாலும் ஒன்றை நினைத்துப்பாருங்கள். பக்கத்துத் திருச்சுழியின் பெயரிலேயே நீர்ச்சுழி இருக்கிறது. பிரளய வெள்ளம் அங்கே சுழித்துப் பூமிக்குள் இறங்கிற்று என்பது அவ்வூர்த் தலபுராணம். குண்டாற்றில் மணலும் கரையில் சீமைக்கருவேலமும் மட்டும் தெரிகிற காலத்திலும் இம்மண்ணின் மக்கள் பெருவெள்ளத்தை மறக்கவில்லை. நமக்கோ கண்மாய் நிறைந்தால் அதுவே சமுத்திரம். கடலைக் காண வேம்பாருக்கோ தூத்துக்குடிக்கோ பேருந்து ஏறவேண்டும்.

இந்த வறட்சி நம் வேதவாசிப்பிலும் இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை நாம் எவ்வளவு வேகமாகக் கடந்துபோகிறோம்! 276 பேர் தப்பிய அந்த நிகழ்ச்சியில், புயல் மூண்டபோது கப்பலைச் சுற்றிக் கட்டினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அலையின் அடியில் பலகைகள் விட்டுப்போகாதபடி வடக்கயிறுகளை ஏராவுக்குக் கீழே செலுத்தி, உடலோடு சேர்த்து இறுக்கினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பலகை பலகையாக ஒட்டப்பட்ட கப்பலைக் கையில் ஏந்திப்பார்த்தால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

நங்கூரமும் அப்படியே. வழக்கமாக அது முன்னணியத்திலிருந்து இறங்கும். இவர்களோ நாலு நங்கூரங்களைப் பின்னணியத்திலிருந்து போட்டார்கள். ஏன்? முன்பக்கம் கட்டினால் காற்று கப்பலைத் திருப்பிவிடும். பின்பக்கம் கட்டினால் முகம் கரையை நோக்கியே நிற்கும். விடிந்ததும் நங்கூரங்களை விட்டுவிட்டுத் தரைக்கு நேராக ஓடலாம். அன்றைய கப்பல்களில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சுக்கான்கள் இருந்தன. ஆகையால்தான் அங்கே பன்மை. விரித்த பாயும், அந்தக் கிரேக்கச் சொல்லின்படி, முன்புறத்துச் சிறுபாய் என்பதே இன்று அறிஞர் பலரின் கருத்து. பெரும்பாய் என்று வாசித்துப் பழகியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் நான் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெறும் வாயால் விளக்கிப்பார்த்ததுண்டு. பெரியவர் தம் கப்பலை மேசைமேல் திருப்பிக்காட்டிய அன்றுதான் அவர்கள் கேள்வி கேட்டார்கள்.

இதே அதிகாரத்துக்குப் பெருந்தொண்டு செய்தவர் ஒரு போதகர் அல்லர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மித், தம் விருப்பத்துக்காகப் பாய்ப்படகு ஓட்டியவர். புயலில் அகப்பட்ட கப்பல் நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் ஒதுங்கும் எனக் கணக்கிட்டு, கிலவுதாவிலிருந்து மெலித்தாவுக்கு ஏறக்குறைய லூக்கா எழுதிய 14 நாள்களே ஆகும் என்று 1848-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். அவர் படகேறிய நாள்களிலும் அதை வீண்பொழுது என்று சொன்னவர்கள் இருந்திருக்கக்கூடும்.

எசேக்கியேல் 27-ஐயும் எடுத்து வாசியுங்கள். தீரு பட்டணத்தைக் கப்பலாக உருவகித்து, சேனீரின் தேவதாரு, லீபனோனின் கேதுரு, பாசானின் கர்வாலி, எகிப்தின் சித்திரத்தையல் துணி என்று மரத்தையும் பாயையும் ஒவ்வொன்றாக எண்ணுகிறார் தீர்க்கதரிசி. அவர் அப்போது வாழ்ந்தது கடற்கரையில் அல்ல; பாபிலோனின் உள்நாட்டில், சிறையிருப்பின் மக்கள் நடுவே.

நமக்குச் சுவிசேஷம் வந்த வழியும் பாய்தான். பெரியவர் கட்டுவது இரண்டு பாய்மரமும் குறுக்குப் பருமல்களும் கொண்ட 'பிரிக்' வகைக் கப்பல். அதே வகையைச் சேர்ந்த 'டிரையாட்' என்ற கப்பலில் அமெரிக்க மிஷனெரிகள் 1815 அக்டோபரில் நியூபரிபோர்ட்டிலிருந்து புறப்பட்டு, 1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கினார்கள். ஐந்து மாதம்! அவர்கள் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஊழியத்தின் கிளைதான் 1834-இல் மதுரைக்கு வந்தது. பின்னர் நமக்கு அருகே மண்டபசாலையிலும் நிலைகொண்டது. அதே அமெரிக்க போர்டு 1856-இல் பசிபிக் தீவுகளுக்காக 'மார்னிங் ஸ்டார்' என்ற கப்பலைக் கட்டியபோது, ஓய்வுநாள் பள்ளிச் சிறுவர்கள் பத்து சென்ட் கொடுத்து ஆளுக்கொரு பங்கு வாங்கினார்கள். கப்பல் ஒன்றில் தனக்கும் ஒரு பலகை உண்டு என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டால் அது எவ்வளவு பெரிய காரியம்!

செலவைப் பற்றியும் பேச்சு உண்டு. அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமாம். மகன் தகப்பனுக்கு அனுப்பிய பொருள் அது. அந்த வாதத்தை முதலில் எழுப்பியவன் யார் என்று யோவான் 12-இல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொழுதுபோக்கை நான் ஆராதனைக்கு இணையாக்கவில்லை. கப்பலுக்காக அவர் கதவைச் சாத்திக்கொண்டால், இடுக்கியை முதலில் பிடுங்கிவருகிறவன் நானாக இருப்பேன். நடந்ததோ வேறு. மனைவியை அடக்கம்பண்ணிய பிறகு ஏழு மாதம் அவர் யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. ஜெபக்கூட்டத்துக்கு வராமற்போனதும் அப்போதுதான். பெட்டி வந்தது அதற்குப் பிறகு. அந்த ஏழு மாதத்தில் அவர் வீட்டுப்படி ஏறியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்; உங்களுக்கும் தெரியும். இப்போது அவர் பேசுகிறார். வங்கைப் பற்றியும் பலகையைப் பற்றியும்தான் தொடங்குகிறார். நடுவில் அம்மாவின் பெயர் வருகிறது. சென்ற வியாழக்கிழமை நான் நூலைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் முடிச்சிட்டபடியே அந்த அம்மாவின் கடைசி இரவைப் பற்றிச் சொன்னார். கண் நூலில் இருந்ததால் அவரால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

இனி ஒரு வேண்டுகோள். முன்பாய்மரத்தின் கயிறுகளுக்கு இரண்டு பேர் கை தேவைப்படுகிறது. ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு அவர் வீட்டுக்குப் போகலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போகவேண்டும், எண்ணெய்க்கை பட்டால் மரத்தில் கறை ஏறும். பெரியவர்களும் போகலாம். தேன்மெழுகு தீர்ந்துவிட்டதாம், யாரிடமாவது ஒரு கட்டி இருந்தால் எடுத்துச்செல்லுங்கள்.