நாலாவது ஆளு

சுழல் நால்வர்னு பேச்செடுத்தா பேடி, பிரசன்னா, சந்திரசேகர்னு மூச்சு விடாம சொல்றவங்க, நாலாவது பேருக்குத் தலையைச் சொறியறாங்க. நம்ம சென்னைக்காரர் வெங்கட்ராகவன்தாங்க அது!

57 டெஸ்ட், 156 விக்கெட். நால்வர்ல இதுதான் குறைச்சல், ஒத்துக்கறேன். ஆனா மத்த மூணு பேரும் 1979-க்குள்ள மூட்டை கட்டியாச்சு. 1965-ல வந்த இவரு 1983 வரைக்கும் நின்னாரு. முதல் தொடர்லயே, 20 வயசுகூட ஆகாம, டெல்லியில நியூசிலாந்தோட 12 விக்கெட்!

அப்புறம் என்ன குறைன்னா, பிரசன்னாவும் ஆஃப் ஸ்பின்னர். பெரும்பாலும் ரெண்டுல ஒருத்தருக்குத்தான் இடம். எங்க சுரண்டையில டீக்கடை ரேடியோவுல ஸ்கோர் கேக்க வர்ற அண்ணாச்சிமாரு முதல்ல கேக்கறது, "வெங்கட் உண்டாடே?"தான். இல்லைன்னா பாதிப் பேரு டீயோட கிளம்பிருவாங்க.

1974 டிசம்பர் கூத்தைக் கேளுங்க. பட்டோடிக்கு அடிபட்டதால வெஸ்ட் இண்டீசுக்கு எதிரா டெல்லி டெஸ்ட்ல இவர் கேப்டன். அடுத்த கல்கத்தா டெஸ்ட்ல? பன்னெண்டாவது ஆளு! தேர்வுக்குழுவுக்கு மனசாட்சின்னு ஒண்ணு வேணாமா? வேற யாராவது இருந்தா பந்தைத் தூக்கி எறிஞ்சுட்டுப் போயிருப்பாங்க. இவரு 1975, 1979 ரெண்டு உலகக் கோப்பைக்கும் கேப்டனாப் போனாரு. ஜெயிச்சது கம்மிதான், அது வேற கதை.

அதனால 156-ஐ மட்டும் வச்சு இவரை எடை போடாதீங்க மக்களே. வெளிய உட்கார்ந்த டெஸ்டையும் சேர்த்துப் பாருங்க. பின்னாடி அம்பயரா 73 டெஸ்ட்ல நின்னாரு. ஆடினதைவிட 16 ஜாஸ்தி!